கோடையில் முள்ளங்கி ஏன் காரமாகிறது?

சித்திரை மாதத்தில் ஒரு மாலை நேரம். இராயபுரத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கையில் ஒரு முள்ளங்கியுடன் என் வீட்டுக்கு வந்தாள்.

“சார், இதைக் கொஞ்சம் கடிச்சுப் பாருங்க” என்றாள்.

கடித்தேன். நாக்கு எரிந்தது, காரம் மூக்குவரை ஏறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“தை மாசத்துல இதே கடையில வாங்கின முள்ளங்கியைப் பச்சையாவே தின்னோம் சார். இனிப்பா இருந்துச்சு. இப்ப ஒரு துண்டு வாயில வைக்க முடியல. எதனால சார்?”

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வியும் வந்தது. “எங்க அம்மாவுக்குத் தைராய்டு இருக்கு. இவ்வளவு காரமான காய்ல விஷம் இருக்கும், கோசும் முள்ளங்கியும் இனிமே வீட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னு பக்கத்து வீட்டு ஆயா சொல்லிட்டாங்க. அம்மாவும் பயந்துட்டாங்க. நிஜமாவே விஷமா சார்?”

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருபவன். காய்கறி என் பாடமன்று. ஆயினும் வெப்பம், நீர், ஒளி, காற்று ஆகியவை என் பாடமே. அந்த மாணவியின் இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிப் புறப்பட்டபோது, சமையலறையில் தொடங்கிய வழி நீலகிரி மலைக்கும், அங்கிருந்து எண்ணூர்க் கடற்கரைக்கும் அழைத்துச் சென்றது. அந்த வழியில் நீங்களும் என்னுடன் வாருங்கள்.

நான்கு இதழ்க் குடும்பம்

கடுகுச் செடியின் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? நான்கு இதழ்கள் சிலுவை வடிவில் அமைந்திருக்கும். முள்ளங்கிப் பூவும் அப்படியே. முட்டைக்கோசைப் பறிக்காமல் விட்டுவைத்தால் அது பூக்கும் பூவும் அப்படியே. பூவின் அமைப்பைக் கொண்டே தாவரவியலார் இவற்றையெல்லாம் ஒரே குடும்பமாகச் சேர்த்தனர். கடுகு, முள்ளங்கி, டர்னிப், முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூல்கோல், புரோக்கோலி ஆகிய அனைத்தும் உறவினர்களே.

இவற்றுள் முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூல்கோல், புரோக்கோலி ஆகிய நான்கும் வெறும் உறவினர் அல்ல. அவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை! ஐரோப்பியக் கடலோரங்களில் வளர்ந்த ஒரு காட்டுச் செடியிலிருந்து மனிதன் நூற்றாண்டுக் கணக்கில் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. இலைமொட்டைப் பெருக்கினான், முட்டைக்கோசு கிடைத்தது. பூங்கொத்தைப் பெருக்கினான், காலிஃபிளவர் கிடைத்தது. தண்டைப் பெருக்கினான், நூல்கோல் கிடைத்தது.

இக்குடும்பத்தாருக்குப் பூவைத் தவிர இன்னொரு பொது அடையாளமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் மூக்குக்கும் மட்டும் தெரியும். ‘குளுக்கோசினோலேட்’ என்னும் வேதிப்பொருள் வகையே அது. இவ்வகையில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் மூலக்கூறிலும் குளுக்கோஸ் சர்க்கரைப் பகுதி ஒன்றும், குறைந்தது ஒரு நைட்ரஜன் அணுவும் இரண்டு கந்தக அணுக்களும் உண்டு. கந்தகம் என்னும் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கட்டுரையின் இறுதியில் அது மீண்டும் வரும்.

இரண்டு அறை வெடிகுண்டு

ஒரு கடுகை எடுத்து முகர்ந்து பாருங்கள். மணம் ஏதும் இல்லை. அதை நசுக்கி ஒரு துளி நீர் விட்டு, சிறிது பொறுத்து முகருங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அந்த நெடி எங்கே ஒளிந்திருந்தது?

உண்மையில் அது ஒளிந்திருக்கவில்லை. நீங்கள் நசுக்கிய பிறகுதான் உண்டாயிற்று. செடியின் திசுவில் குளுக்கோசினோலேட் ஓர் இடத்திலும், ‘மைரோசினேஸ்’ என்னும் நொதி வேறோர் இடத்திலும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. புழு கடித்தாலோ, கத்தி வெட்டினாலோ, அம்மியில் அரைத்தாலோ இடைச்சுவர் உடைகிறது. இரண்டும் கலக்கின்றன. நொதி குளுக்கோஸ் பகுதியைப் பிரித்துவிடுகிறது; எஞ்சிய பகுதி நிலைகொள்ளாமல் உருமாறி ‘ஐசோதயோசயனேட்’ என்னும் காரப் பொருளாகிறது. கடித்த புழுவுக்கு அது நஞ்சு. நமக்கு அது சுவை.

கருங்கடுகில் உள்ள குளுக்கோசினோலேட்டுக்குச் ‘சினிக்ரின்’ என்று பெயர். பிரெஞ்சு வேதியியலார் புஸ்ஸி இதனை 1840ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்தார். செடியின் இந்த இரண்டு அறைத் தற்காப்பைக் ‘கடுகெண்ணெய் வெடிகுண்டு’ என்று 1984இல் இரு ஆய்வாளர்கள் அழைத்தனர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இப்போது உங்கள் அம்மாவின் சமையலை நினைத்துப் பாருங்கள். கடுகைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டுத் தாளிக்கிறார். கடுகு வெடிக்கிறது; ஆனால் நெடி ஏறுவதில்லை. காரணம் என்ன? நொதி ஒரு புரதம். சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு கெட்டியாவதுபோல் அதுவும் உருக்குலைந்து செயலிழக்கிறது. வெடிமருந்து இருக்கிறது, தீக்குச்சி நமத்துவிட்டது! ஆவக்காய் ஊறுகாய்க்கோ கடுகைப் பச்சையாகப் பொடித்துப் போடுகிறார்கள். அங்கே நொதி உயிர்ப்புடன் இருப்பதால்தான் அந்தச் சுரீர் என்னும் காரம்.

வானிலை எங்கே நுழைகிறது?

முள்ளங்கியின் காரம், அதில் எவ்வளவு குளுக்கோசினோலேட் சேர்ந்துள்ளது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அந்த அளவு பிறவியிலேயே முடிவாகிவிடுவதன்று. விதையின் வகை ஒரு பங்கு முடிவு செய்கிறது. வளர்ந்த நாள்களின் வெயிலும் மழையும் மறு பங்கை முடிவு செய்கின்றன. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் வெப்பம். கோசுக் குடும்பம் குளிர்ந்த நாட்டுக் குடும்பம். முட்டைக்கோசுக்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை மிகவும் ஏற்றது. அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்வினச் செடிகளை வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய அறைகளில் வளர்த்து, முடிவை 2004இல் வெளியிட்டனர். 22 டிகிரியில் சுகமாக வளர்ந்த செடிகளின் இலைகளைக் காட்டிலும், 12 டிகிரியில் வளர்ந்தவற்றிலும் 32 டிகிரியில் வளர்ந்தவற்றிலும் குளுக்கோசினோலேட் மிகுதியாக இருந்தது. அதாவது குளிர் மிஞ்சினாலும் வெப்பம் மிஞ்சினாலும் செடி தன் ஆயுதங்களைக் கூட்டிக்கொண்டது.

இரண்டாவது நீர். ஒரு சிட்டிகை உப்பை ஒரு தம்ளர் மோரில் போட்டால் கரிக்கிறது. அதே சிட்டிகையை நான்கு தம்ளர் மோரில் போட்டால் தெரிவதே இல்லை. முள்ளங்கியின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் நீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது மளமளவென்று பருக்கிறது. காரப் பொருள் மிகுந்த நீரில் பரவி மட்டுப்படுகிறது. கோடையில் நீரின்றி மெல்ல வளரும் கிழங்கு சிறுத்து, செறிவு மிகுந்து நிற்கிறது. முட்டைக்கோசிலும் இவ்வாறே கண்டிருக்கின்றனர். கோசு உருண்டை திரளும் நாள்களில் நீர் பாய்ச்சாமல் விட்டால் அதில் குளுக்கோசினோலேட் கூடுகிறது என்று அமெரிக்காவின் ஒகையோ மாநில ஆய்வு ஒன்று காட்டியது.

வெப்பமும் வறட்சியும் தனித்தனி எதிரிகள் போல் தோன்றினாலும் அவை கைகோத்தே வருகின்றன. இங்கே இயற்பியல் பேசுகிறது. மண்பானை நீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று படித்திருப்பீர்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இலையும் ஒரு மண்பானையே! அதன் துளைகள் வழியே ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வெளியேறுகிறது. மண்ணில் நீர் குறைந்தால் செடி, உள்ள நீரைக் காத்துக்கொள்ள இலைத் துளைகளை மூடிக்கொள்கிறது. ஆவியாதல் நிற்கிறது, இலை சூடேறுகிறது. நீருக்குப் பஞ்சம் வந்த உடனே வெப்பமும் கூடிவிடுகிறது. சித்திரையில் விளைந்த முள்ளங்கிக்கு இரண்டு அடியும் ஒன்றாக விழுந்தன.

மூன்றாவது ஒளி. குளுக்கோசினோலேட்டைக் கட்டுவதற்குச் சர்க்கரையும் ஆற்றலும் வேண்டும். இவை சூரிய ஒளியில் கிடைப்பவை. நல்ல வெயிலில் செடியின் பட்டறை சுறுசுறுப்பாக நடக்கிறது.

நான்காவது பூச்சி. வானிலை செடியை நேராகத் தாக்குவதோடு நிற்பதில்லை. பூச்சியின் வழியாகவும் தாக்குகிறது. வெப்பம் கூடும்போது பூச்சிகளின் வாழ்க்கைச் சுற்று விரைந்து முடிகிறது, தலைமுறைகள் பெருகுகின்றன. கடிபட்ட செடி மேலும் ஆயுதம் சேர்க்கிறது. ஆனால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கோசுப் பயிரின் பெரும்பகை வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் புழு கோசு இலையைத் தின்றும் நஞ்சால் சாவதில்லை. ஏன் என்பதை 2002இல் கண்டுபிடித்தனர். புழுவின் குடலில் உள்ள ஒரு நொதி, மைரோசினேஸ் தீண்டுவதற்கு முன்பே குளுக்கோசினோலேட்டிலிருந்து கந்தகப் பகுதி ஒன்றைக் கழற்றிவிடுகிறது. வெடிகுண்டு செயலற்றுப் போகிறது! அதுமட்டுமன்று. கோசின் நெடியையே மோப்பம் பிடித்து வந்து அந்துப்பூச்சி முட்டையிடுகிறது. பகைவனை விரட்ட வைத்த மணம் இந்தப் பகைவனுக்கு வழிகாட்டியாகிவிட்டது.

இவ்விதிகள் எல்லாக் காய்க்கும் ஒரே அளவில் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. வகைக்கு வகை, உறுப்புக்கு உறுப்பு வேறுபாடு உண்டு. முள்ளங்கியிலேயே உள்சதையைவிடத் தோலில் காரம் மிகுதி. கோடை முள்ளங்கியைத் தோல் சீவிச் சமைத்தால் காரம் குறைவது இதனாலேயே.

மலையும் உறைபனியும்

சென்னையில் விற்கும் முட்டைக்கோசு எங்கிருந்து வருகிறது? ஓசூர், கோலார் பகுதிகளிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வருகிறது. ஐரோப்பியக் காய்கறிகள் நீலகிரிக்கு வந்தது 1820களில். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் அவற்றைப் பயிரிட்டார். 1847இல் அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் தொடங்கினர். இன்று மலர்க் கண்காட்சிக்குப் பேர்போன அரசுத் தாவரவியல் பூங்காவின் பிறப்பு அதுவே!

ஏன் உதகையைத் தேர்ந்தெடுத்தனர்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே செல்லச் செல்ல, ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வீதம் காற்று குளிர்கிறது. உதகையின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். 2.24ஐ 6.5ஆல் பெருக்கினால் 14.5 டிகிரி. சென்னையின் ஆண்டுச் சராசரி 28.5 டிகிரி என்று கொண்டால், உதகைக்கு 14 டிகிரி வரவேண்டும். உண்மையான சராசரியும் ஏறத்தாழ அதுவே! ஐரோப்பாவுக்குப் போகாமலே ஐரோப்பியத் தட்பவெப்பத்தைக் கண்டுகொண்டார்கள்.

மார்கழி, தை மாதங்களில் உதகையின் தாழ்வான வெளிகளில் உறைபனி விழும். குளிரில் வளர்ந்த கோசு இனிப்பது ஏன்? குளிர் நெருங்கும்போது செடி தன் மாவுப்பொருளின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிச் செல்களில் நிரப்பிக்கொள்கிறது. கரைசலின் உறைநிலை தூய நீரின் உறைநிலையைவிடக் குறைவு என்று வேதியியலில் படிப்பீர்கள். ஒரு கிலோகிராம் நீரில் ஒரு மோல் சர்க்கரை கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். கோசின் சாற்றில் கிலோவுக்கு 50 கிராம் குளுக்கோஸ் இருப்பதாகக் கொள்வோம். அது 0.28 மோல். உறைநிலை அரை டிகிரிதான் இறங்கும். அப்படியானால் சர்க்கரையின் பெரிய வேலை வேறு. செல்லின் மெல்லிய சவ்வுகள் குளிரில் சிதையாமல் தாங்குவதே அது. நமக்குக் கிடைக்கும் பயனோ, அந்த இனிப்பு குளுக்கோசினோலேட்டின் கசப்பை மறைத்துவிடுவது. குளிரில் கசப்புப் பொருள் கூடியிருந்தும் நாக்குக்கு இனிப்பதன் மர்மம் இதுதான்.

மலையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக லாரியில் 500 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து கோசு சென்னைக்கு வருகிறது. 1996 வரை கொத்தவால் சாவடிக்கு வந்தது. அதன்பின் கோயம்பேட்டுக்கு வருகிறது. பறித்த காயும் மூச்சு விடுகிறது என்பதை மறவாதீர்கள். வெப்பநிலை 10 டிகிரி கூடும்போது மூச்சின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். 5 டிகிரியில் வைத்த கோசைவிட 35 டிகிரி வெயிலில் நிற்கும் கோசு இரண்டு, நான்கு, எட்டு என எட்டு மடங்கு வேகத்தில் தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. ஆகவே கோசின் சுவையில் விளைந்த ஊரின் வானிலையோடு வந்த வழியின் வானிலையும் கலந்திருக்கிறது.

முயல்கள் சொன்ன செய்தி

இனி அந்த மாணவியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். கோசுக்கும் தைராய்டு சுரப்பிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அது தற்செயலாகத் தெரியவந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ ஆய்வாளர்கள் வேறொரு நோயைப் பற்றி ஆராய்வதற்காக முயல்களை வளர்த்தனர். அவற்றின் முக்கிய உணவு முட்டைக்கோசு. சில மாதங்களில் முயல்களின் கழுத்தில் தைராய்டு சுரப்பி வீங்கியது. செஸ்னியும் அவருடைய துணைவர்களும் 1928இல் இதனை வெளியிட்டனர். அடுத்து வந்த செய்திதான் நமக்கு முக்கியமானது. எல்லாக் காலத்துக் கோசும் ஒரே அளவு வீக்கத்தை உண்டாக்கவில்லை! பருவத்துக்குப் பருவம் வீக்கம் வேறுபடுகிறது என்று 1931இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. குளுக்கோசினோலேட்டின் அமைப்பு சரியாகத் தெரிவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே, வானிலை கோசின் உள்ளே கைவைக்கிறது என்பதை முயல்கள் சொல்லிவிட்டன.

காரணப் பொருள்களுள் ஒன்று பின்னர் அகப்பட்டது. சில குளுக்கோசினோலேட்டுகள் உடைந்து ‘காய்ட்ரின்’ என்னும் பொருளைத் தருகின்றன. அது தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைத் தயாரிப்பதற்கு இடையூறு செய்கிறது. வேறு சில, சுரப்பிக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும் பொருள்களைத் தருகின்றன.

அப்படியானால் ஆயா சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். பொறுங்கள். அந்த முயல்கள் நாள்தோறும், மாதக்கணக்கில், பெரும்பாலும் பச்சைக் கோசையே தின்றவை. அவற்றுக்கு அயோடின் கொடுத்தபோது வீக்கம் தடுக்கப்பட்டது. நாம் வாரத்தில் ஓரிரு நாள் பொரியலாகவும் சாம்பாராகவும் வேகவைத்து உண்கிறோம். வேகும்போது நொதி செயலிழக்கிறது. குளுக்கோசினோலேட்டின் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடுகிறது. உடலில் போதிய அயோடின் இருப்பவருக்கு இந்த அளவு கோசால் தீங்கு வருவதில்லை. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி கோசைப் பற்றியதன்று, உப்பைப் பற்றியது.

“நாமதான் கடலோரத்துல இருக்கோமே சார், கல்லுப்பு கடல்லேருந்துதானே வருது, அதுல அயோடின் இருக்காதா?” என்று அந்த மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகளும் 60 மைக்ரோகிராம் அயோடினும் உள்ளன. உப்பு விளையும்போது அயோடின் சிறிதும் வீணாகாமல் உப்பிலேயே தங்கினாலும், 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் இருக்கும். வளர்ந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம். எட்டில் ஒரு பங்குகூட இல்லை! அயோடின் சேர்த்த உப்பிலோ, வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. 10 கிராமில் 150 மைக்ரோகிராம். தேவைக்குச் சரியாக இருக்கிறது.

இந்த விதி எளிதில் வந்ததன்று. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துவீக்கம் பரவலாக இருந்தது. 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் அங்கே ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினர். சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு பகுதிக்குச் சேர்க்காத உப்பும் வழங்கினர். அயோடின் உப்பு வழங்கிய பகுதிகளில் நோய் குறைந்தது. நாடு முழுவதும் இன்று நாம் வாங்கும் உப்புப் பொட்டலத்தின் பின்னே அந்தப் பள்ளத்தாக்கு மக்களின் கதை இருக்கிறது.

ஆகவே அந்த மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: “அம்மா மாத்திரையை மருத்துவர் சொன்ன நேரத்தில் தவறாமல் சாப்பிடட்டும். அயோடின் உப்பை மூடிவைத்துப் பயன்படுத்துங்கள். வேகவைத்த கோசையும் முள்ளங்கியையும் அளவோடு உண்ணலாமா என்பதை அடுத்த முறை போகும்போது மருத்துவரிடமே கேளுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த அச்சத்துக்காக நல்ல காயை இழக்காதீர்கள்.”

இக்காய்களை ‘நல்ல காய்’ என்று சொல்லவும் காரணம் உண்டு. புரோக்கோலியில் உள்ள ஒரு குளுக்கோசினோலேட் உடைந்து ‘சல்ஃபோராஃபேன்’ என்னும் பொருளைத் தருகிறது. அது உடலின் நச்சு நீக்கும் நொதிகளைத் தூண்டுவதை 1992இல் டாலலே குழுவினர் காட்டினர். நோய் தீர்க்கும் மருந்து என்று இதனைக் கொண்டாட வேண்டியதில்லை. ஒதுக்கவேண்டிய நஞ்சும் அன்று. அளவுதான் எதையும் நஞ்சாக்குகிறது.

எண்ணூரின் கந்தகமும் சாம்பலும்

கந்தகத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? செடிக்கு அது மண்ணிலிருந்து கிடைக்கிறது. சிறிதளவு காற்றிலிருந்தும் கிடைக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது எழும் கந்தக டை ஆக்சைடு வாயுவை இலைகள் உறிஞ்சுகின்றன. மழையிலும் அது கரைந்து இறங்குகிறது. ஐரோப்பாவில் அமில மழையைத் தடுக்க, 1980களிலிருந்து ஆலைப் புகையில் கந்தகத்தைக் குறைத்தனர். காற்று தூய்மையாயிற்று, ஏரிகளும் காடுகளும் மூச்சு விட்டன. ஆனால் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கடுகின் உறவான ரேப் பயிர் வெளிறத் தொடங்கியது. மஞ்சள் பூக்கள் வெண்மையாயின. இத்தனை நாள் புகைபோக்கிகள் கந்தக உரம் போட்டுவந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. விவசாயிகள் வயலில் கந்தகம் இடத் தொடங்கினர்.

அப்படியானால் மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் புகை நம் செடிகளுக்கு நல்லதா? அவ்வாறு எண்ணிவிடாதீர்கள். கந்தக டை ஆக்சைடு மிகுந்தால் இலை கருகும். நம் நுரையீரலுக்கோ அது எந்நாளும் பகை. உரத்தை மூட்டையில் வாங்கலாம். நுரையீரலை வாங்க முடியாது.

நம் பகுதிக்கு இன்னொரு கவலையும் உண்டு. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் மின்சாரம் தருகிறது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, சாம்பலோ மிகுதி. நூறு கிலோ எரித்தால் பெரும்பாலும் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்திருப்பதை அவ்வழியே செல்வோர் கண்டிருப்பீர்கள். நிலக்கரிச் சாம்பலில் ஈயம், ஆர்செனிக், காட்மியம் போன்றவை சிறிதளவு உண்டு.

கடுகுச் செடிக்கு ஒரு தனித்திறமை இருக்கிறது. மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களை உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. அந்த உலோகங்களைக் கட்டிப்போடச் செடி பயன்படுத்தும் கயிறும் ஒரு கந்தகச் சேர்மமே! கெட்டுப்போன மண்ணைத் தூய்மைப்படுத்த இந்தியக் கடுகை நடலாம் என்று 1990களில் விஞ்ஞானிகள் சோதனை செய்தனர். மண்ணுக்கு இது வரம். அதே செடியைக் கீரையாகத் தின்பவருக்கோ ஆபத்து. ஆகவே சாம்பல் படிந்த இடத்திலும், ஆலைக் கழிவு ஓடும் கால்வாய்க் கரையிலும் விளைந்த முள்ளங்கிக் கீரை, கடுகுக் கீரை ஆகியவற்றை உண்ண வேண்டாம். காரம் நாக்குக்குத் தெரிந்துவிடும், ஈயம் தெரியாது.

செய்து பாருங்கள்

வீட்டு மாடியில் செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். ஒரே பொட்டலத்து முள்ளங்கி விதையை ஆறு தொட்டிகளில் விதையுங்கள். மண்ணைத் தெருவோரத்தில் அள்ளாமல் செடிப் பண்ணையில் வாங்குங்கள். எல்லாத் தொட்டிகளும் ஒரே அளவு வெயில் படும் இடத்தில் இருக்கட்டும். பதினைந்து நாள்வரை எல்லாவற்றுக்கும் சமமாக நீர் ஊற்றுங்கள். பிறகு மூன்று தொட்டிகளுக்கு வழக்கம்போலவும், மற்ற மூன்றுக்கு இலை சற்றே வாடும்போது மட்டும் சிறிதளவும் ஊற்றுங்கள். ஆறு, ஏழு வாரங்களில் பிடுங்கலாம்.

எது காரம் என்று நீங்களே தின்று முடிவு சொல்லாதீர்கள். எந்தத் தொட்டி எது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்த மனம் நாக்கை ஏமாற்றிவிடும். ஐந்து நண்பர்களை அழையுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று துண்டு கொடுங்கள். இரண்டு துண்டு ஒரே வகைத் தொட்டியிலிருந்தும், ஒன்று மற்ற வகைத் தொட்டியிலிருந்தும் இருக்கட்டும். “இவற்றுள் வேறானது எது?” என்று கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் சரியாக அமைவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐவரும் குருட்டாம்போக்கிலேயே சரியாகச் சொல்ல 243இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஆகவே ஐவரும் சரியாகச் சொன்னால், வேறுபாடு உண்மையானது என்று துணிந்து எழுதலாம். இருவர் மட்டுமே சரியாகச் சொன்னால் உங்கள் சோதனை எதையும் மெய்ப்பிக்கவில்லை. அதையும் அப்படியே எழுதுங்கள்.

அந்த மாணவி தன் வீட்டு மாடியில் ஆறு தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டாள். மூன்றின்மேல் ‘நீர்’ என்றும், மூன்றின்மேல் ‘வறட்சி’ என்றும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கிறாள். அவளுடைய அம்மா மருத்துவரைப் பார்த்து வந்தார். அவர்கள் வீட்டில் முள்ளங்கிச் சாம்பார் மறுபடியும் மணக்கிறது. தொட்டி முள்ளங்கியைச் சுவைத்துப் பார்க்கும் ஐவரில் ஒருவராகப் பக்கத்து வீட்டு ஆயாவையும் சேர்த்திருக்கிறாள்.